மௌலானா ஆசாத்: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்ட கேள்வி

கரும்பலகை

போன வாரம் எங்கள் பள்ளியில் மௌலானா ஆசாத்தின் பிறந்தநாளான தேசியக் கல்வி நாளைக் கொண்டாடினோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஆசாத் பற்றி மூன்று நிமிடம் பேசினாள். மெக்காவில் பிறந்தார், எகிப்தில் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் படித்தார், சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர், ஐ.ஐ.டி., பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. எல்லாவற்றையும் தொடங்கினார், பாரத ரத்னா பெற்றார். எழுதிக் கொடுத்தது நான்தான். எல்லாரும் கைதட்டினோம்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் தனியாக வந்து, "டீச்சர், மௌலானான்னா மத அறிஞர்தானே? அப்போ அவர் ஏன் பாகிஸ்தான் போகலை?" என்று கேட்டாள். கேள்வியில் எந்த உள்நோக்கமும் இல்லை, பதிமூன்று வயதுக் குழந்தையின் சந்தேகம் அது. வரலாறு நடத்துகிற எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்லட்டும்? இந்த மன்றத்தில் விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பழைய தாள்

வணக்கம் அம்மா. கேள்விக்கு வருவதற்கு முன் அந்த மூன்று நிமிடப் பேச்சில் இரண்டு திருத்தங்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள், அதனால் சொல்கிறேன்.

முதலாவது, அல்-அஸ்ஹர். ஆசாத் அங்கே படிக்கவில்லை. காந்தியின் செயலர் மகாதேவ் தேசாய் ஆசாத்தின் வாழ்க்கையை எழுதியபோது அவரிடம் சில கேள்விகள் கேட்டார். இருபது வயதுவாக்கில் மத்தியக் கிழக்குக்குப் போனதையும் எகிப்தில் தங்கியதையும் ஆசாத் சொன்னார். வேறொரு கேள்விக்குப் பதிலாக, பழைய மதக் கல்விமுறை அல்-அஸ்ஹரில்கூடக் குறையுள்ளதாகவே இருக்கிறது என்றார். தேசாய் இரண்டையும் சேர்த்து, அங்கே படித்தார் என்று எழுதிவிட்டார். ஒரு நாள்கூட அங்கே மாணவனாக இருந்ததில்லை என்று ஆசாத்தே பிற்பாடு தன்வரலாற்றில் தெளிவாக மறுத்திருக்கிறார். ஆனாலும் பிழை ஓயவில்லை.

உண்மையில் அவர் எந்தப் பள்ளிக்கும் போனதில்லை. தந்தை மௌலானா கைருத்தீன், குடும்பம் கல்கத்தாவில். அரபி, பாரசீகம், தர்க்கம், கணிதம் என்று வீட்டிலேயே ஆசிரியர்கள் வந்து கற்பித்தார்கள். ஆங்கிலம் அவராகக் கற்றது, பைபிளையும் செய்தித்தாளையும் அகராதியோடு வைத்துக்கொண்டு. பள்ளியின் படி ஏறாத ஒருவர் பதினொரு ஆண்டு இந்த நாட்டின் கல்வி அமைச்சராக இருந்தார். உங்கள் பிள்ளைகளுக்கு அல்-அஸ்ஹரை விட இது பிடிக்கும்.

இரண்டாவது, ஏ.ஐ.சி.டி.இ. தொடங்கியது 1945-இல். அது ஆசாத் சிறையிலிருந்து வெளியே வந்த ஆண்டு, அப்போது அவர் அமைச்சர் அல்ல. யு.ஜி.சி.யின் முதல் வடிவமும் அந்த ஆண்டுதான், அலிகர், பனாரஸ், டெல்லி மூன்றுக்கு மட்டும். அதை நாடு முழுமைக்கும் விரித்தது அவர் காலம். 1953 டிசம்பரில் அவரே தொடங்கிவைத்தார், 1956-இல் சட்டம் வந்தது. செய்ததே இவ்வளவு இருக்கும்போது செய்யாததை ஏன் சேர்க்க வேண்டும்?

ஹிஜிலி

ஐ.ஐ.டி. பற்றி நான் சொல்லலாமா? நான் கரக்பூரில் படித்தவன். திட்டம் தீட்டியது 1946-இல் நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையிலான குழு, அதுவும் ஆசாத்துக்கு முந்தையதுதான். ஆனால் முதல் நிறுவனத்தை முறைப்படி திறந்துவைத்தவர் அவர், 1951 ஆகஸ்ட் 18.

திறந்த இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது ஹிஜிலி தடுப்பு முகாம். விசாரணை இல்லாமல் பிடித்து வைக்கப்பட்டவர்களை அடைத்த இடம். 1931 செப்டம்பர் 16 இரவு காவலர்கள் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா இருவர் இறந்தார்கள். உடல்களை வாங்க சுபாஷ் சந்திர போஸ் வந்தார், தாகூர் கண்டித்து எழுதினார். இருபது ஆண்டு கழித்து அதே கட்டடத்தில் வகுப்பு நடந்தது.

ஆசாத் சிறையிலும் காவலிலும் கழித்தது ஏறத்தாழ பத்து ஆண்டு. அப்படிப்பட்ட மனிதர் ஒரு சிறைக் கட்டடத்தைக் கல்லூரியாகத் திறந்து வைத்தார். முதலாண்டில் சீனியர் ஒருவர் எங்களை அந்தக் கட்டடத்துக்கு அழைத்துப்போய் இதைச் சொன்னார். திருச்சியிலிருந்து ரயிலேறிப் போன எனக்கு அன்றைக்குத்தான் அது வெறும் கல்லூரியாகத் தெரியவில்லை.

கேள்விக்குறி

எல்லாம் சரி. ஆனால் இந்த இழை பாராட்டு விழாவாகப் போய்விடக் கூடாது. குழந்தை கேட்டது பாகிஸ்தான் பற்றி. அதற்கு நேரே வருவோம்.

ஆசாத் பிரிவினையை எதிர்த்தார், உண்மை. எதிர்த்து என்ன செய்தார்? 1947 ஜூனில் பிரிவினையை முடிவு செய்யக் காங்கிரஸ் காரியக் கமிட்டி கூடியபோது அந்தச் சிறிய அறையின் மூலையில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார், இரண்டு நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சோசலிசத் தலைவர் லோகியா எழுதினார். லோகியா அந்த அறையில் இருந்தவர். பிறகு ஆசாத்தின் தன்வரலாறு வந்தது. அதில் நேரு மீது குறை, படேல் மீது குறை. இதில் பாதியாவது அன்றைக்கு அந்த அறையில் சொல்லியிருக்கலாமே? அதிலும் முப்பது பக்கங்களை முத்திரையிட்டு, முப்பது ஆண்டு கழித்துத் திறக்கச் சொன்னார். யாரைக் குறை சொன்னாரோ அவர்கள் எல்லாம் போன பிறகு!

நான் அவரை வெறுப்பவன் அல்ல. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாத மௌனத்துக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்று நம்புகிறவன்.

பழைய தாள்

நியாயமான கேள்வி. நானும் இதோடு பல ஆண்டு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

நூலின் கதை முதலில். ஆசாத் உருதுவில் சொல்லச் சொல்ல, ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதியது அது. அவருடைய எழுபதாவது பிறந்தநாளான 1958 நவம்பரில் வெளியிட எண்ணியிருந்தார்கள். பிப்ரவரி 22 அன்று இறந்துபோனார். 1959-இல் வந்தது. முத்திரையிட்ட பக்கங்கள் கல்கத்தா தேசிய நூலகத்திலும் டெல்லி ஆவணக் காப்பகத்திலும் இருந்து 1988-இல் முழுப் பதிப்பாக வந்தன. அதைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவர் பிறரை மட்டும் குறை சொல்லவில்லை. 1946-இல் காங்கிரஸ் தலைவர் பதவியை விட்டது என் தவறு, விட்டபோது படேலை ஆதரிக்காமல் நேருவை முன்மொழிந்தது அடுத்த தவறு என்று தன் பெயரிலேயே எழுதுகிறார். நேரு அவருடைய உயிர் நண்பர். அந்த நூலைச் சமர்ப்பித்ததே நேருவுக்குத்தான்.

பதவி விட்டதை ஏன் தவறு என்கிறார் என்றால், அதற்கு முந்தைய மூன்று மாதத்தைப் பார்க்க வேண்டும். 1946 ஏப்ரல் 15-இல் ஒரு அறிக்கை விட்டார். பாகிஸ்தான் முஸ்லிம்களுக்கே கேடு, அதே சமயம் அவர்களுடைய பயத்தை வெறும் பயம் என்று தள்ளவும் முடியாது, அதனால் மாகாணங்களுக்கு முழுத் தன்னாட்சி கொடுங்கள், மத்தியில் பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு மட்டும் இருக்கட்டும் என்றார். மே 16-இல் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு கொடுத்த திட்டத்தின் உயிர்நாடி இதுதான். முஸ்லிம் லீக்கும் ஏற்றது, காங்கிரசும் ஏற்றது. கொஞ்ச நாள், ஒரே நாடாக இருந்துவிடலாம் என்ற நிலை உண்மையிலேயே இருந்தது. தலைவர் மாறினார். ஜூலை 10 அன்று பம்பாயில் நேரு பத்திரிகையாளர்களிடம், அரசியல் நிர்ணய சபைக்குள் போவதைத் தவிர வேறு எதற்கும் நாங்கள் கட்டுப்படவில்லை என்ற பொருளில் பேசினார். அந்த மாதமே லீக் பின்வாங்கியது. ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவில் கலவரம் வெடித்தது.

அந்த ஒரு பேச்சால்தான் எல்லாம் கெட்டது என்று நான் நினைக்கவில்லை. அந்தத் திட்டத்தில் மாகாணங்களைக் குழுக்களாகச் சேர்த்தது அப்போதே பெரிய சிக்கல். வங்காளத்தோடு ஒரே குழுவில் சேர்க்கப்பட்ட அஸ்ஸாமைக் கேட்டால் தெரியும். ஆனால் மத்திக்கு மூன்று துறை, மிச்சம் மாநிலத்துக்கு என்று ஒரு காங்கிரஸ் தலைவர் 1946-இல் எழுதினார் என்பதே நம்மூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. மாநில சுயாட்சி பேசி வளர்ந்த நமக்கு அவர் இன்னும் நெருக்கமாக இருந்திருக்க வேண்டும்.

லோகியா சொன்ன மௌனத்தை நான் மறுக்கவில்லை. அது என்னையும் உறுத்துகிறது.

வாணியம்பாடி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் தோல் மண்டி வைத்திருப்பவன், பண்டிதன் அல்ல. வீட்டில் உருது பேசுகிற குடும்பம் என்பதால் ஆசாத்தை அவர் மொழியிலேயே படிக்கும் பாக்கியம் கிடைத்தது. தமிழ் பேசும் முஸ்லிம்களிடம் அவர் அதிகம் போய்ச் சேராததற்கு உருதுவும் ஒரு காரணம். அதுவும் சாதாரண உருது அல்ல, அரபியும் பாரசீகமும் நிரம்பி வழிவது. என் தாத்தா அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பார்.

கேள்விக்குறி அண்ணே, அறையில் அவர் பேசாததைச் சொன்னீர்கள். அறைக்கு வெளியே அவர் முப்பத்தைந்து ஆண்டு பேசியதை நான் சொல்கிறேன்.

1912-இல், இருபத்து மூன்று வயதில், கல்கத்தாவில் 'அல்-ஹிலால்' என்று வாரப் பத்திரிகை தொடங்கினார். பிறை என்று பொருள். இரண்டு ஆண்டில் வாரம் 26,000 பிரதி. உருதுப் பத்திரிகை அதுவரை காணாத எண்ணிக்கை. முஸ்லிம்கள் ஆங்கிலேயனுக்கு விசுவாசமாக இருந்தால் போதும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். இவர் குர்ஆனைக் காட்டியே, அடிமையாக இருப்பது ஈமானுக்கு, அதாவது இறைநம்பிக்கைக்கு, ஆகாது என்று எழுதினார். அரசு 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டுப் பறித்தது. பிறகு 10,000 கேட்டு அதையும் பறித்தது. பத்திரிகை நின்றது. 'அல்-பலாக்' என்று இன்னொன்று தொடங்கினார். 1916-இல் வங்காளத்தைவிட்டே வெளியேற்றி, ராஞ்சியில் காவலில் வைத்தார்கள். 1920 வரை.

1923-இல் காங்கிரசின் டெல்லி சிறப்பு மாநாட்டுக்குத் தலைவர், 35 வயதுகூட நிரம்பவில்லை. அங்கே சொன்னார்: வானத்திலிருந்து ஒரு மலக்கு (வானவர்) இறங்கி குதுப்மினார் மேல் நின்று, இந்து முஸ்லிம் ஒற்றுமையை விட்டுவிடு, இருபத்து நான்கு மணி நேரத்தில் சுயராஜ்யம் தருகிறேன் என்றால், சுயராஜ்யத்தைத்தான் விடுவேன். அது தாமதமானால் இந்தியாவுக்கு நட்டம், ஒற்றுமை போனால் மனித குலத்துக்கே நட்டம். 1940-இல் ராம்கர் காங்கிரஸ் மாநாட்டில், என் ஆயிரத்து முந்நூறு ஆண்டு இஸ்லாமியச் சொத்தில் ஒரு துளியையும் விட மாட்டேன், நான் இந்தியன் என்பதையும் விட மாட்டேன், நான் இல்லாமல் இந்தக் கட்டடம் முழுமையாகாது என்றார். அதே ஆண்டு ஜின்னா சாகிப் அவருக்குத் தந்தியடித்து, காங்கிரஸ் உம்மைக் காட்சிப் பொம்மையாக வைத்திருக்கிறது என்று ஏசினார். அதையும் தாங்கிக்கொண்டார்.

டீச்சர் அக்கா, அந்தப் பிள்ளையிடம் இப்படிச் சொல்லுங்கள்: அவர் மௌலானாவாக இருந்ததால்தான் போகவில்லை. மதத்தை அவர் படித்த படிப்பு அவரை இங்கே இருக்கச் சொன்னது.

கரும்பலகை

பாய், இந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் இந்த இழையைத் தொடங்கினேன் போலிருக்கிறது. ஆனால் இதை ஒன்பதாம் வகுப்புக்கு விளக்க இன்னும் கொஞ்சம் வேண்டும். மதப் படிப்பு எப்படி அந்த இடத்துக்குக் கொண்டுபோனது?

பழைய தாள்

பாய் விரிவாகச் சொல்லட்டும். நான் சுருக்கமாக ஒன்று. 'தர்ஜுமானுல் குர்ஆன்' என்ற அவருடைய மொழிபெயர்ப்பும் விளக்கமும்தான் அவர் தன் வாழ்வின் பணியாக நினைத்தது. முதல் தொகுதி 1930-களின் தொடக்கத்தில், இரண்டாவது 1936-இல். பாத்திஹா என்ற ஏழு வசன முதல் அத்தியாயத்துக்கே ஒரு நூல் அளவு விளக்கம். இறைவனை அங்கே 'உலகங்கள் அனைத்தின் பராமரிப்பாளன்' என்று அழைக்கிறார்கள், ஒரு கூட்டத்தின் இறைவன் என்று அல்ல. இதைப் பிடித்துக்கொண்டு ஆசாத் போகிறார். மார்க்கத்தின் அடிப்படை எல்லாச் சமயத்திலும் ஒன்று, சடங்கும் சட்டமும்தான் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப வேறாகின என்கிறார். உலமாக்கள் என்ற மத அறிஞர்கள் பலர் இதை ஏற்கவில்லை, கடுமையாக எழுதினார்கள். அவர் பின்வாங்கவில்லை.

அந்தப் பணி முடியவே இல்லை என்பதுதான் வருத்தம். போலீஸ் இரண்டு தடவை கையெழுத்துப் பிரதிகளை அள்ளிக்கொண்டு போய்ச் சிதைத்தது. பிறகு மாநாடு, சிறை, பேச்சுவார்த்தை. மொழிபெயர்ப்பு பாதிக்குச் சற்று மேலே போய் நின்றுவிட்டது. அரசியலில் அவர் தோற்றாரா ஜெயித்தாரா என்று நாம் சண்டை போடுகிறோம். எனக்கு அரசியல் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான் பெரிய கணக்காகத் தெரிகிறது.

செம்பருத்தி

இதுவரை படித்துக்கொண்டே இருந்தேன். அகமத்நகர் கோட்டைக் கடிதங்களைப் பற்றி யாராவது எழுதுங்களேன். தேநீர் பற்றி ஒரு கடிதம் இருக்கிறதாமே?

வாணியம்பாடி

எழுதுகிறேன் அம்மா, இதற்காகத்தான் காத்திருந்தேன்.

1942 ஆகஸ்ட் 8 இரவு பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம். மறுநாள் விடியுமுன் கைது. நேரு, படேல், கிருபளானி, நரேந்திர தேவ் என்று காரியக் கமிட்டியையே அகமத்நகர் கோட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே ஆசாத் தன் நண்பர் ஹபீபுர் ரகுமான் கான் ஷெர்வானிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். அனுப்ப முடியாது என்று தெரியும். தெரிந்தே எழுதினார். 'குபாரே காதிர்', மனத்தின் புழுதி, என்ற பெயரில் 1946-இல் நூலாயிற்று.

விடிகாலை மூன்று நான்கு மணிக்கு எழுந்து தானே தேநீர் போட்டுக்கொள்வார். சீனத்து வெள்ளை மல்லிகைத் தேயிலை, பால் கிடையாது. பால் ஊற்றித் தேநீரைக் கெடுத்தது ஆங்கிலேயர் செய்த அநியாயம் என்று மனப்பூர்வமாக வாதாடுகிறார். அறையில் சிட்டுக்குருவிகள் கூடு கட்டின. முதலில் கம்பெடுத்துத் துரத்தினார். கடைசியில் அவரே அரிசி போட்டுப் பழக்கி, கைமேல் வந்து உட்காரும் அளவுக்கு ஆயிற்று. இன்னொரு கடிதத்தில் இசை. இளமையில் சிதார் கற்றதையும், நிலா வெளிச்சத்தில் தாஜ்மகாலுக்குச் சிதாரை எடுத்துப் போய் வாசித்ததையும் எழுதுகிறார்.

அப்புறம் 1943 ஏப்ரல் கடிதம். அதை என்னால் சத்தமாகப் படிக்க முடிந்ததில்லை.

மனைவி ஜுலைகா பேகம் கல்கத்தாவில் நோயில் இருந்தார். நிலைமை மோசம் என்ற செய்தி கோட்டைக்கு வந்தது. அரசாங்கத்திடம் ஏதும் கேட்க விரும்பினால் அனுப்புகிறேன் என்றார் சிறைக் கண்காணிப்பாளர். ஆசாத் எதுவும் கேட்க மறுத்தார். ஏப்ரல் 9 அன்று பேகம் காலமானார். முந்தைய ஆகஸ்டில் பம்பாய்க்குக் கிளம்பியபோது வாசல்வரை வந்து, 'குதா ஹாபிஸ்' (இறைவன் காப்பானாக) என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை என்று கடிதத்தில் நினைவுகூர்கிறார். 1945 ஜூனில் விடுதலை. ஹௌராவில் ஜனக் கூட்டம், காரெல்லாம் பூமாலை. வீட்டுக்குப் போகுமுன் பேகத்தின் கப்ருக்கு (கல்லறைக்கு) போய், அந்த மாலைகளில் ஒன்றை எடுத்து வைத்து, மௌனமாக பாத்திஹா ஓதினார்.

கேள்விக்குறி

பாய், இதைப் படித்துவிட்டு ஒரு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். என் கேள்வியை நான் விடவில்லை. 1947 ஜூனில் அவர் பேசியிருக்க வேண்டும் என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் அவருக்குக் கேட்கத் தெரியாது, கெஞ்சத் தெரியாது என்பது இப்போது புரிகிறது. மனைவிக்காகவே வாய் திறக்காதவர். அறையில் மூலையில் இருந்ததும் அதே மனிதர்தான். அது குணமா குறையா என்று தீர்மானிக்க எனக்கு வராது.

1947 அக்டோபரில் டெல்லி ஜாமா மஸ்ஜித்தில் அவர் பேசியது எனக்குத் தெரியும். மூட்டை கட்டிக்கொண்டிருந்த மக்களிடம், நான் கூப்பிட்டேன், என் நாக்கை அறுத்தீர்கள், எழுதினேன், கையை வெட்டினீர்கள் என்று கோபத்தோடு தொடங்கி, எங்கே போகிறீர்கள், இந்தப் பள்ளிவாசலின் மினார்கள் உங்களைக் கேட்கின்றன என்று சொன்ன பேச்சு. அன்றைக்கு அவர் மௌனமாக இல்லை. இதையும் பதிவு செய்ய வேண்டியது என் கடமை.

ஹிஜிலி

கல்வி அமைச்சராக அவர் செய்ததில் நம்மூர்த் தொடர்பு ஒன்றுண்டு. 1952-இல் இடைநிலைக் கல்வி ஆணையம் அமைத்தபோது அதற்குத் தலைமை ஏற்றவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார். அடுத்து சங்கீத நாடக அகாதமி, சாகித்திய அகாதமி, லலித் கலா அகாதமி மூன்றும் 1953, 54-இல் வந்தன. 1955-இல் முதல் சாகித்திய அகாதமி விருதுகளில் தமிழுக்கான விருது ரா. பி. சேதுப்பிள்ளைக்குக் கிடைத்தது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் நாம் யாருக்கு விருது என்று சண்டை போடுகிறோமே, அந்தச் சண்டைக்கு மேடை போட்ட அமைச்சர் அவர்தான்.

கரும்பலகை

இன்று அந்தப் பிள்ளையிடம் பேசினேன். அல்-அஸ்ஹர் பிழை என்னுடையது என்று வகுப்பிலேயே சொல்லித் திருத்தினேன். பாய் சொன்ன வரியைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, "அவர் எழுதினதைப் படிச்சு அந்தக் காலத்துல யாராவது மாறினாங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

உங்களிடமே கொண்டுவந்துவிட்டேன்.

வாணியம்பாடி

மாறினார்களா என்று கணக்குச் சொல்ல முடியாது அக்கா. ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். தர்ஜுமானுல் குர்ஆனின் சமர்ப்பணத்தில் இருக்கிறது.

ராஞ்சியில் காவலில் இருந்த காலம், 1918 குளிர்காலம். இரவுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலைவிட்டு வருகிறார். பின்னால் ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டால், ரொம்பத் தூரத்திலிருந்து வருகிறேன் என்கிறார். காந்தகாரிலிருந்து. குவெட்டா வரை நடை. அங்கே தன் ஊர் வணிகர்கள் சிலருக்கு வேலையாளாகச் சேர்ந்து ஆக்ரா வரை. ஆக்ராவிலிருந்து ராஞ்சிக்கு மறுபடி நடை. அல்-ஹிலாலும் அல்-பலாக்கும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன், குர்ஆனில் சில இடங்கள் புரியவில்லை, கேட்டுப்போக வந்தேன் என்கிறார்.

சில நாள் தங்கினார். கேட்டார், தெரிந்துகொண்டார். ஒரு நாள் சொல்லாமலே போய்விட்டார். சொன்னால் வழிச்செலவுக்குப் பணம் கொடுப்பேனோ என்று, அந்தச் சுமையை எனக்கு வைக்க மனமில்லாமல் போயிருப்பார், திரும்பும் வழியிலும் பெரும்பகுதி நடந்தே போயிருப்பார் என்று ஆசாத் எழுதுகிறார்.

அந்த நூலை எந்த நவாபுக்கும் தலைவருக்கும் அவர் சமர்ப்பிக்கவில்லை. இந்த மனிதருக்குத்தான்.

கரும்பலகை

அவர் பெயர் என்ன பாய்? நாளைக்கு அவள் கட்டாயம் கேட்பாள்.

வாணியம்பாடி

தெரியாது அக்கா. பெயர் நினைவில் இல்லை, இருந்திருந்தால் இங்கே எழுதியிருப்பேன் என்று ஆசாத்தே அந்தச் சமர்ப்பணத்தில் சொல்கிறார். உயிரோடு இருக்கிறாரா என்பதும் எனக்குத் தெரியாது என்கிறார்.